கால்சியம் வந்த வழி

காலையில் அரியலூரில் பெரம்பலூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நான் செய்கிற முதல் காரியம், போனை எடுத்து என் பெயரைத் தேடுவது. என் வயதுக்காரர்கள் காலையில் சர்க்கரை அளவு பார்க்கிறார்கள். நான் என் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். நேற்றிருந்த எண்ணே இன்றும் இருந்தால் அன்று முழுக்க மாணவர்கள் மேல் எரிந்து விழுவேன். ஒன்று கூடியிருந்தால் கண்டக்டருக்குக்கூட வணக்கம் சொல்வேன்.

மேற்கோள் என்பது வேறொன்றும் இல்லை. நான் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். அதைப் படித்த இன்னொரு விஞ்ஞானி தன் கட்டுரையின் கடைசியில் என் கட்டுரையையும் குறிப்பிடுகிறார். அப்படிக் குறிப்பிட்டவர்கள் அதிகமாக ஆக நான் பெரிய ஆள். பல வருடங்களாக என்னை அதிகம் குறிப்பிட்டவன் நான்தான். எனக்கு அடுத்தபடியாக என்னோடு சேர்ந்து பிஎச்.டி. முடித்த மூன்று நண்பர்கள். நீ என் வீட்டுக் காதுகுத்துக்கு வா, நான் உன் வீட்டு வளைகாப்புக்கு வருகிறேன் என்கிற முறையில் நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் உலக அறிஞராக்கிக் கொண்டிருந்தோம்.

நான் பெரம்பலூர் அரியலூர் சாலையில் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். துறை ஒளியியல். ஒளியியல் என்றதும் இருட்டறை, லேசர், நீலக் கண்ணாடி என்று ஏதேதோ நினைப்பார்கள். என்னுடைய ஒளியியலில் முக்கால்வாசி, பீக்கரைப் பாலிதீன் தாளால் மூடி, அதில் ஊசியால் நாலு ஓட்டை போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான். உள்ளே இருக்கும் கரைசல் மெல்ல மெல்ல வற்றும். அடியில் படிகம் வளரும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரைச் சில படிகங்களின் மேல் அடித்தால் அவை அதைப் பச்சை ஒளியாக மாற்றித் தரும். அப்படிப்பட்ட படிகம் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டால் போதும், பேர் நின்றுவிடும். தமிழ்நாட்டில் பாதிக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளில் இந்த ஆசையோடு பீக்கர்கள் மூடிக் கிடக்கின்றன.

எனக்கு அந்தப் பச்சை கிடைத்தது. என் ஆய்வு மாணவி கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா சோளமும் பருத்தியும் போடுகிறவர். அந்த வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். ஒரு புளிப்பு அமிலத்தையும் ஒரு அமினோ அமிலத்தையும் தண்ணீரில் கரைத்து வைக்கச் சொன்னேன். மூன்று வாரத்தில் பீக்கரின் அடியில் கற்கண்டு மாதிரிச் சின்னச் சின்னதாகப் படிகங்கள். எக்ஸ்ரே எடுக்க வெளியூருக்கு அனுப்பினோம். வந்த கோடுகள் அந்த அமிலத்தோடும் ஒத்துப்போகவில்லை, இந்த அமிலத்தோடும் ஒத்துப்போகவில்லை. போட்ட இரண்டு பொருளும் இல்லை என்றால் இது உலகத்திலேயே இல்லாத மூன்றாவது பொருள்தானே. அப்படித்தான் முடிவு கட்டினேன். பெங்களூருக்குப் போய்ப் பொடி செய்து லேசரை அடித்தபோது, இருட்டில் ஒரு பச்சைப் பொட்டு எழுந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. என் கல்யாணத்தன்று கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதை மனைவியிடமே சொல்லித் தொலைத்தேன். அவள் இன்றுவரை மறக்கவில்லை.

கட்டுரை வெளியானது. முதல் வருடம் வழக்கம்போல நானும் மூன்று நண்பர்களும். இரண்டாம் வருடம் எண் ஏற ஆரம்பித்தது. போலந்து, பிரேசில், ஜப்பான் என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என் கட்டுரையைக் குறிப்பிட்டார்கள். பஸ் தினமும் ஒரே இடத்தில், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழிவிட்டு நிற்கும். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். இரண்டு கூடியிருக்கும், மூன்று கூடியிருக்கும். அந்தக் கட்டுரைகளைத் திறந்து படித்தேனா என்று கேட்டால், இல்லை. எனக்கு எண் போதுமானதாக இருந்தது.

எண் நூறைத் தொட்ட வாரம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறதாம். நூறு மேற்கோள் வாங்கிய ஒரே கட்டுரை எங்கள் கல்லூரியில் என்னுடையதுதானாம். பாராட்டு விழா, சால்வை, தாளாளர் கையால் கேடயம். மறுநாளே வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். பின்னணியில் கல்யாண மண்டப மேடை விளக்குகள் மாதிரி பச்சை, சிவப்பு, ஊதாக் கதிர்கள். நடுவில் நான். இருபது வருடத்துக்கு முன் கொட்டிப்போன முடியை வடிவமைத்தவர் பெரிய மனது பண்ணித் திருப்பிக் கொடுத்திருந்தார்.

கண்டக்டர் பார்த்துவிட்டார். “சார், போர்டுல இருக்கறது உங்க தம்பிங்களா?” என்றார்.

“நான்தாங்க” என்றேன்.

“நல்லா வந்துருக்கு சார். முடியெல்லாம் போட்டு.”

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஏற்புரை எழுத உட்கார்ந்தேன். எந்தெந்த நாட்டு விஞ்ஞானிகள் என்னைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்று இரண்டு வரி சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. எனக்குச் சோம்பல். மனைவி அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறாள். என்னைவிட வேகமாகப் படிப்பாள். லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு டிவி பார்க்கப் போனேன். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

“ஏங்க, கொஞ்சம் வாங்க. ஒரு பக்கம் முழுக்க உங்களத்தான் எழுதிருக்காங்க.”

பூரித்துப்போய் ஓடினேன்.

“திட்டி” என்றாள்.

ஐரோப்பாவில் ஒரு படிகவியல் விஞ்ஞானி, புதிய படிகம் என்று அறிவிக்கப்பட்டுப் புதியதாக இல்லாமல் போனவற்றைத் தேடிப் பிடித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அதில் என்னுடையதற்குத் தனி இடம். அந்தக் கட்டுரை பெரிய புகழ் பெற்றுவிட்டது. அதைப் பின்பற்றி எழுதியவர்கள் எல்லாம், இப்படிப்பட்ட தவறுக்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்கிற இடத்தில் என்னைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். போலந்து, பிரேசில், ஜப்பான். நான் கண்டக்டருக்கு வணக்கம் சொன்ன நாளெல்லாம் உலகத்தில் எங்கேயோ ஒரு வகுப்பில் எப்படி ஆராய்ச்சி செய்யக் கூடாது என்று என் பெயரைச் சொல்லிப் பாடம் நடந்திருக்கிறது.

“என் படிகம் என்னன்னு சொல்றாரு?”

“கால்சியம் டார்ட்ரேட். நூறு வருஷமாத் தெரிஞ்ச பொருளாம். ஆனா அவருக்கே ஒண்ணு புரியலயாம். நீங்க போட்ட ரெண்டு பொருள்லயும் கால்சியமே இல்லயே, கால்சியம் எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியலன்னு எழுதிருக்காரு.”

சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், வெந்நீர் போடுகிற எலெக்ட்ரிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே அடியெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு. அதன் மேல் புளித்தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருந்தாள். வாரத்துக்கொரு தரம் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்தான் அது. போர் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு. எங்கள் மண்ணைத் தோண்டினால் சிமெண்ட் ஆலைக்குப் போகிற கல்தான் வரும்.

“புளில இருக்கறது டார்டாரிக் ஆசிட், நீங்க கரைச்சதும் அதான். இதுல படிஞ்சிருக்கறது கால்சியம். ரெண்டும் சேந்தா என்னங்க வரும்?” பிளஸ் டூ பிள்ளையைக் கேட்கிற குரலில் கேட்டாள். “நீங்க பெங்களூரு வரைக்கும் தூக்கிட்டுப் போனது இதத்தான்.”

நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். என் வழுக்கைக்கே இந்தத் தண்ணீரைத்தான் இருபது வருடமாகக் குற்றம் சொல்லி வந்திருக்கிறேன். அமிலம் இரண்டையும் கவனித்தவன், கரைத்த தண்ணீரை ஒரு பொருளாகவே எண்ணவில்லை.

“ஃபிசிக்ஸ்காரங்களுக்குத் தண்ணின்னா எச் டூ ஓ” என்றாள் மனைவி. “அரியலூர்க்காரங்களுக்கு அது மட்டும் இல்லீங்க.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “அது சரி, அந்தப் புள்ளயோட தீசிஸ் என்னாகும்?”

அதுவரை எனக்கு என் சால்வைதான் கண்ணில் இருந்தது. மாணவியின் ஆய்வேட்டில் மூன்று அத்தியாயங்கள் அந்தப் படிகத்தைப் பற்றியவை. பதிவு செய்து ஐந்து வருடம் தாண்டிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. அதற்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவே ரத்து. இருப்பதை அப்படியே ஒப்படைத்தால், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அந்த ஐரோப்பியர் கட்டுரையைப் படிக்காதவராக இருக்க வேண்டும். நூறு பேர் படித்த கட்டுரை அது.

மறுநாள் முதல்வரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஃப்ளெக்ஸை இறக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “எண்ணிக்கை நூறுதான சார்?” என்றார்.

“நூறுதாங்க சார். ஆனா எல்லாம் திட்டு.”

“திட்டுனாலும் நம்ம கல்லூரி பேரச் சொல்லித்தான திட்டிருக்காங்க. கமிட்டி படிவத்துல திட்டுக்குத் தனியா கட்டம் கெடையாது. நூறு நூறுதான் சார். நீங்க வாங்க.”

நான் மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போனேன். சால்வையை வாங்கிக்கொண்டேன். மேடையில் மூன்று நிமிடம் பேசவும் செய்தேன். உலகம் நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்றேன். அது பொய்யில்லை. முன்வரிசையில் மாணவி உட்கார்ந்திருந்தாள். விழாவுக்கென்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தக் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையதுதான். கேடயத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. அவள் இரண்டு கையையும் உயர்த்தித் தட்டினாள். சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினேன்.

அடுத்த நாள் லேபில் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐரோப்பியர் கட்டுரையை அவள் ஏற்கெனவே படித்திருப்பாள் என்று கொஞ்சம் நம்பிக்கொண்டிருந்தேன். அவளும் படிக்கவில்லை. எண் ஏறுகிறது என்று நான் சொன்னதை நம்பியிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து அலமாரியைத் திறந்து, பழுப்பு அட்டை போட்ட லேப் நோட்டு ஒன்றை எடுத்துப் புரட்டி என் முன்னால் வைத்தாள்.

“சார், அன்னைக்கே எழுதிருக்கேன் சார்.”

படிகம் போட்ட நாளின் பக்கம். தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் பழுது, வடிநீர் இல்லை, சார் சொன்னபடி போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து வடிகட்டிப் பயன்படுத்தியது என்று கோடு போட்டுத் தெளிவாக எழுதியிருந்தாள். கீழே என் கையெழுத்து. தேதியோடு.

எல்லாம் ஞாபகம் வந்தது. இயந்திரத்தின் சூடேற்றும் கம்பி எரிந்துபோயிருந்தது. அது எரிந்ததற்கே காரணம் கம்பி மேல் படிந்த சுண்ணாம்புதான். ரிப்பேருக்கு எழுதிப் போட்டால் மாதக்கணக்காகும். எனக்கு ஒரு கருத்தரங்குக்குள் முடிவு வேண்டியிருந்தது. “இப்போதைக்குக் கொதிக்க வச்சு வடிகட்டிப் போடும்மா, அப்புறம் சரியாச் செஞ்சுக்கலாம்” என்றேன். அப்புறம் என்பது வரவே இல்லை. நோட்டில் வாராவாரம் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். நின்றபடியே இருபது பக்கம் போட்டுத் தள்ளுவேன். மேற்கோளையும் படித்ததில்லை, நோட்டையும் படித்ததில்லை. எழுத்துக்களைப் பார்த்தாலே எனக்கு எண்ணத்தான் தோன்றியிருக்கிறது.

இந்த முறை என் கைக்காசில் இயந்திரத்தைச் சரிசெய்து, சுத்தமான வடிநீரில் அதே கரைசலை மறுபடி போட்டோம். மூன்று வாரம் கழித்து அடியில் ஒரு பக்கம் புளிப்பு அமிலம் தனியாக, இன்னொரு பக்கம் அமினோ அமிலம் தனியாக. புதிய படிகம் ஒன்றும் இல்லை. அவள் பீக்கரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு, “சார், போர் தண்ணிலதான வளருது. எந்த ஊரு தண்ணில எப்புடி வளருதுன்னு பாக்கலாமா? அதுல நெஜமாவே ஒரு சாப்டர் இருக்கு சார்” என்றாள். முப்பது வருட அனுபவமுள்ள எனக்குத் தோன்றாத யோசனை. குரும்பலூர், பாடாலூர், அவள் ஊர் என்று கேன் கேனாகத் தண்ணீர் வந்தது. ஒவ்வொன்றிலும் படிகம் ஒவ்வொரு அளவில் வளர்ந்தது. பாடாலூர் கேனை பஸ்ஸில் நான்தான் சுமந்தேன். கண்டக்டர், “போர்டு வச்ச சார் தண்ணி தூக்குறாரு பாருங்க” என்று பின்சீட்டில் இருந்தவர்களுக்குச் சொன்னார்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு நீட்டிப்பு கேட்க வேண்டும். அதற்குக் கட்டுரை வந்த ஆய்விதழில் திருத்தக் குறிப்பு வெளியிட்டு அதன் நகலை இணைக்க வேண்டும். உட்கார்ந்து எழுதினேன். ஆய்வகத்தில் நேர்ந்த கவனக்குறைவால் தண்ணீரில் மாசு கலந்திருந்தது என்று ஆங்கிலத்தில் அழகாக வந்தது. மனைவியிடம் காட்டினேன்.

“யாரோட கவனக்குறைவு?”

“பொதுவாத்தான் போட்டுருக்கேன்.”

“பொதுவாப் போட்டா யார நெனைப்பாங்க? பீக்கர் கழுவுனது யாரோ அவங்களத்தான. நீங்க தப்பிச்சுக்குவீங்க. அந்தப் புள்ள மேல நிக்கும்.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “தண்ணி தானா ஏறி வந்து பீக்கருல உக்காந்துக்கிச்சா?”

எனக்குக் கோபம் வந்தது. நியாயமான பேச்சுக்கு வருகிற கோபம். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூசி மெழுகுவதில் எனக்கு முப்பது வருடப் பயிற்சி உண்டு. கீழே வந்து அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதினேன். போர் தண்ணீரைப் பயன்படுத்தச் சொன்னது நான். மாணவி அதை அன்றே நோட்டில் பதிவு செய்தார். நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். கால்சியம் வந்த வழி இதுதான். நாலு வாக்கியம் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பிடித்தது.

நீட்டிப்பு கிடைத்தது. ஃப்ளெக்ஸை முதல்வர் தாமாகவே இறக்கிவிட்டார். இப்போது அது சைக்கிள் ஸ்டாண்டு கூரையில் ஒழுகுகிற இடத்தில் விரிந்து கிடக்கிறது. மழைத் தண்ணீர் என் முடி மேல் விழுகிறது. மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை.

திருத்தக் குறிப்பை இதுவரை ஒரே ஒருவர்தான் மேற்கோள் காட்டியிருக்கிறார். மாணவி, தன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில். அந்த அத்தியாயத்தை மட்டுமல்ல, ஆய்வேடு முழுவதையும் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். பதினோரு எழுத்துப் பிழை கண்டுபிடித்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று வழக்கப்படி எல்லோரும் வந்திருந்தார்கள். மாணவியின் அப்பா கடைசி வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆங்கிலத்தில் நடந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குப் புரிந்திருக்கக் கூடிய வார்த்தை ஒன்றே ஒன்று. வெளித் தேர்வாளர் அந்தத் தவற்றைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டார். மிஸ்டேக், மிஸ்டேக் என்று பத்துப் பதினைந்து தரமாவது சொல்லியிருப்பார். அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். கடைசியில் தேர்வாளர் எழுந்து நின்று பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அறிவித்து, எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா மட்டும் தட்டவில்லை.

பக்கத்து அறையில் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த லட்டும் மிக்சரும் காபியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டோடு என்னிடம் வந்து, ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சார், தப்பு தப்புன்னே பேசிட்டுருந்தாங்களே. புள்ள ஏதாச்சும் தப்பு பண்ணிடுச்சுங்களா?”

பொதுவாக ஏதாவது சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பழக்க தோஷம்.

“இல்லீங்க” என்றேன். “தப்பு நான் பண்ணுனதுங்க. உங்க பொண்ணு எழுதி வச்சாங்க. நான்தான் படிக்கல.”

அவர் முகத்தில் இருந்த இறுக்கமெல்லாம் போய்விட்டது.

“அப்பச் சரிங்க” என்றார். என் தட்டில் இன்னொரு லட்டு வைத்துவிட்டு, மகளைப் பார்த்துக் கை தட்டப் போனார்.